அந்தச் சாட்டை யார் கையில்?

சீனா போய்விட்டு வருகிறவர்களை இரண்டே ஜாதிக்குள் அடக்கிவிடலாம்.

முதல் ஜாதி, மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள். 'தேள் பொரியல் சார்! தவளை சூப் சார்! ஒரு வாய் ரசஞ்சாதத்துக்கு நாலு நாள் ஏங்கிப் போயிட்டேன் சார்!' பத்து நாள் பயணத்தில் இவர்கள் பார்த்தது மொத்தமும் சாப்பாட்டு மேஜைதான். பாவம், விட்டுவிடலாம். பெய்ஜிங் கடைத்தெருவில் குச்சியில் குத்தி விற்ற தேள், வெளியூர் டூரிஸ்டுகள் போட்டோ எடுத்துக்கொள்வதற்காக. உள்ளூர்க்காரர் வீட்டில் ராத்திரி வேகிறது சோறும் கீரையும் டோஃபுவும்தான். ஷாங்காயில் 1922ல் ஆரம்பித்த சைவ ஓட்டலே இருக்கிறது. தேடிப் போனால் கிடைக்கும். தேடாதவர் ஊர் திரும்பி ரசஞ்சாதம் சாப்பிட்டால் சரியாகிவிடுவார். அவரால் நாட்டுக்கு ஆபத்தில்லை.

இரண்டாவது ஜாதிதான் ஆபத்து. இவர் வாயைப் பிளந்துகொண்டு திரும்புகிறவர். 'ஏர்போர்ட்டா சார் அது! ரோடா சார் அது!' என்று ஆரம்பிப்பார். அது வரை சரி. பத்தாவது நிமிஷம் குரல் தணியும். 'ஏன் தெரியுமா? அங்கே எவனும் கேள்வி கேட்க முடியாது. அதான் முன்னேறிட்டான். நம்ம ஊருக்கும் ஒரு பத்து வருஷம் சாட்டை எடுக்கிற ஆள் வந்தாத்தான் சார் உருப்படும்.'

கல்யாண வீட்டில், கிளப்பில், வாக்கிங் போகிற இடத்தில், விமானத்தில் பக்கத்து சீட்டில் என்று குறைந்தது நூறு பேரிடம் இந்த வசனத்தைக் கேட்டாகிவிட்டது. படித்தவர்கள். வரி கட்டுகிறவர்கள். நல்லவர்கள். இந்த வாரம் அவர்களுக்காக.

முதலில் வரவுப் பக்கத்தை ஒழுங்காக எழுதிவிடலாம். அதில் கஞ்சத்தனம் கூடாது.

பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் நாலரை மணி நேரம். ஏறத்தாழ அதே தூரம்தான் சென்னைக்கும் மும்பைக்கும். நம் எக்ஸ்பிரஸ் இருபது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்த ரயிலின் ஜன்னல் விளிம்பில் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தேன். நின்றது. வெளியே வயலும் ஊரும் அம்பு மாதிரி பறக்கின்றன; உள்ளே ஒரு யுவான் நாணயம் யோகாசனம் செய்துகொண்டிருக்கிறது. 2008ல் பெய்ஜிங் - தியான்ஜின் இடையே தொடங்கியது அவர்களுடைய முதல் 350 கிலோமீட்டர் வேகப் பாதை. 2024 முடிவில் அதிவேகப் பாதைகளின் மொத்த நீளம் 48,000 கிலோமீட்டர். நம்முடைய மொத்த ரயில் பாதையே அதைவிட ஒரு சுற்றுதான் அதிகம்.

ரயில் மட்டும் இல்லை. வெந்நீர்! ஸ்டேஷனில் வெந்நீர், ரயில் பெட்டியில் வெந்நீர், ஆபீஸில், ஆஸ்பத்திரியில் என்று எங்கே போனாலும் குழாயைத் திருகினால் கொதிக்கிற தண்ணீர், காசில்லாமல். ஆளுக்கொரு பிளாஸ்க், அதில் தேயிலையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குடிக்கிறார்கள். 'தண்ணீரைக் காய்ச்சிக் குடி' என்று 1950களில் அரசாங்கம் ஊர் ஊராகப் பிரசாரம் செய்தது. பழைய பழக்கமும் அந்தப் பிரசாரமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. வாட்டர் பாட்டிலுக்கு இருபது ரூபாய் அழுகிற ஊரிலிருந்து போகிறவனுக்கு இது புல்லட் ரயிலைவிடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

அப்புறம் பூங்காக்கள். சாயங்காலம் ஆறரை ஏழு மணிக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியோடு வந்து சேர்கிறார்கள் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள். வரிசை கட்டி நிற்கிறார்கள். பாட்டு ஆரம்பித்ததும் ஆட்டம். கூச்சம் கிடையாது, மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. இன்னொரு பக்கம் ஒரு தாத்தா, துடைப்பம் நீளத்துக்குத் தூரிகையை வாளித் தண்ணீரில் முக்கித் தரையில் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறார். கடைசி வரியை எழுதுவதற்குள் முதல் வரி காய்ந்து போகிறது. அவர் கவலைப்படவில்லை. மறுபடி முதலிலிருந்து எழுதுகிறார். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் தனியாக, காதில் பாட்டுக் கேட்டபடி வீட்டுக்கு நடந்து போகிறாள். அவளும் பயப்படவில்லை, அவளைப் பெற்றவர்களும் பயப்படவில்லை.

பொறாமையாக இருந்ததா? இருந்தது. இதற்கெல்லாம் பொறாமைப்படாவிட்டால் வேறு எதற்குப் படுவது?

பிடிக்காததும் உண்டு. லிஃப்டுக்குள்ளேயே சிகரெட். பேசினால் சண்டை போடுகிறார்களோ என்று தோன்றுகிற மாதிரி போன் பேச்சு. ஓட்டல் வைஃபையில் கூகுளைத் தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரும்புகிற பக்கமெல்லாம் கேமரா. தியானன்மென் சதுக்கத்தில் நின்றுகொண்டு, 1989ல் இங்கே என்ன நடந்தது என்று கூட வந்த இளைஞரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். 'இன்றைக்கு வெயில் அதிகம்' என்றார்.

போகட்டும். இப்போது நம் நண்பரின் கணக்குக்கு வருவோம்.

நான் பி.காம் படித்தவன். முதல் வருஷம் முதல் பாடம், இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் வரவு எழுதினால், இன்னொரு பக்கம் எங்கேயோ அதே தொகைக்குப் பற்று இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் பேரேடு பொய். நம் நண்பர் கொண்டுவருகிற சீனப் பேரேட்டில் வரவு மட்டும்தான் இருக்கிறது. அந்த வரவுக்கு நேராக 'சாட்டையால் வந்தது' என்று விளக்கம் வேறு எழுதியிருக்கிறார்.

சாட்டையால்தான் வந்ததா? பார்த்துவிடலாம்.

சீனாவில் சாட்டை மிக அதிகமாகச் சுழன்றது எப்போது? 1958ல் மாவோ 'மாபெரும் பாய்ச்சல்' என்று ஆரம்பித்தாரே, அப்போது. நிலத்தைப் பிடுங்கிப் பொதுவாக்கினார்கள். வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றார்கள். கேள்வி கேட்க ஆளில்லை. அதனால் கீழே இருந்த அதிகாரிகள் விளைச்சலை ஒன்றுக்குப் பத்தாக எழுதி மேலே அனுப்பினார்கள். மேலே இருந்தவர்கள் அந்தப் பொய்க் கணக்கை வைத்து நிஜத் தானியத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். 1959ல் கிராமங்கள் பட்டினி கிடந்தபோது சீனா தானியம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. 'ஏதோ தப்பு நடக்கிறது' என்று அந்த வருஷம் மாவோவுக்கு எழுதினார் ராணுவ அமைச்சர் பெங் தேஹுவாய். அவர் பதவி போயிற்று. 1961 முடிவதற்குள் பட்டினியில் செத்தவர்கள் குறைந்தபட்ச மதிப்பீட்டில் ஒன்றரைக் கோடி. நான்கரைக் கோடி வரை சொல்கிற ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள்.

ராணுவ அமைச்சரே வாய் திறக்க முடியாத ஊர். நண்பர் கேட்கிற சாட்டைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. அது கட்டியது பாலம் இல்லை, சவக்குழி.

சரி, செழிப்பு எப்போது ஆரம்பித்தது? 1978 கடைசியில், ஆன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற பஞ்சத்தில் அடிபட்ட கிராமம். ராத்திரியில் ஒரு மண் வீட்டில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடினார்கள். பொது நிலத்தைத் தங்களுக்குள் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது. அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது. அப்போது இது சட்டவிரோதம். தலை போகிற விஷயம். அதனால் இன்னொரு வரியும் எழுதினார்கள். இதற்காக யாரையாவது ஜெயிலில் போட்டால், அவர் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும். கீழே கையெழுத்து, கைநாட்டு.

அடுத்த அறுவடையில் தானியம் பல மடங்கு பெருகியது. டெங் சியோபிங்கின் அரசு அவர்களைத் தண்டிக்கவில்லை. பார்த்தது, புரிந்துகொண்டது, 1980களின் தொடக்கத்தில் நாடு முழுக்க அதையே முறையாக்கியது. 'சீன அற்புதம்' என்று உலகம் வாய் பிளக்கிறதே, அதன் முதல் பக்கத்தில் இருப்பது 18 பேர் அரசாங்கத்தை மீறிய கதை. சாட்டை ஓங்கியபோது பஞ்சம். சாட்டை தாழ்ந்தபோது சோறு.

'அப்படியென்றால் படிப்பு, சுகாதாரம் எல்லாம்?' என்பீர்கள். நியாயமான கேள்வி. ஷென்ஜென் ஆலைகள் திறப்பதற்கு முன்னாலேயே சீனா பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருந்தது. 1982 கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். 1981ல் இந்தியாவில் பாதிப் பேருக்குக்கூடத் தெரியாது. அந்த வித்தியாசம்தான் பிற்பாடு ஆலையாகவும் ஏற்றுமதியாகவும் மாறியது. ஆனால் பள்ளிக்கூடம் கட்டச் சாட்டை தேவையா? கேரளம் கட்டியதே! மத்தியானச் சாப்பாடு போட்டு நாமும் பிள்ளைகளைக் கூட்டிவந்தோமே!

சாட்டை நிஜமாகவே வேலை செய்ததாக எல்லாரும் நம்புகிற ஒரு விஷயம் உண்டு. ஒரே குழந்தைத் திட்டம். 1980 முதல் 2015 வரை. அபராதம், வேலை போகும், கட்டாயக் கருக்கலைப்பு. 2012ல் ஷான்ஷி மாகாணத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு, அபராதம் கட்ட முடியவில்லை என்பதற்காகக் கருவைக் கலைத்தார்கள். அந்தப் படம் வெளியே வந்து நாடே கொதித்தது. இத்தனையும் செய்து 2020 கணக்கெடுப்பில் பிறப்பு விகிதம், பெண்ணுக்கு 1.3 குழந்தை. தமிழ்நாட்டில் யாரையும் கட்டித் தூக்கிக்கொண்டு போகாமலே 2005-06ல் 1.8க்கு வந்துவிட்டோம். பெண்கள் படித்தார்கள், தாங்களே முடிவெடுத்தார்கள். இப்போது சீனாவின் நிலைமை? 2022லிருந்து ஜனத்தொகை சரிகிறது. 2025ல் அரசாங்கம் அறிவித்திருக்கிறது: மூன்று வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் வருஷம் 3,600 யுவான் தருகிறோம், தயவுசெய்து பெற்றுக்கொள்ளுங்கள். அடித்த கை இப்போது காசை நீட்டுகிறது. வாங்கத்தான் ஆளில்லை.

இனி பற்றுப் பக்கம். அது யார் தலையில் எழுதப்பட்டிருக்கிறது?

குவாங்சோவில் எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த பெண்ணுக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். சொந்த ஊர் ஹுனான் மாகாணத்தில் ஒரு கிராமம். பத்து வருஷமாக இந்த ஊரில் வேலை. எட்டு வயதுப் பையன் பாட்டியோடு கிராமத்தில். வருஷத்துக்கு ஒரு முறை, புத்தாண்டு விடுமுறையில் பார்க்கிறார். 'இங்கேயே கூட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதா?' என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வெளியூர்க்காரர்களிடம் இந்தப் பதிலை நிறையத் தடவை சொல்லி அலுத்திருப்பது தெரிந்தது. ஒரே வார்த்தை சொன்னார். 'ஹூகோ.'

ஹூகோ என்பது குடும்பப் பதிவு. 1958 சட்டம். நம் ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன், ஆஸ்பத்திரிச் சலுகை எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் கட்டி, அந்தக் காகிதத்தை நீங்கள் பிறந்த ஊரில் ஆணி அடித்து மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான். நீங்கள் எந்த நகரத்துக்கும் வேலைக்குப் போகலாம். கட்டடம் கட்டலாம், குப்பை அள்ளலாம், பாத்திரம் தேய்க்கலாம். ஆனால் பெரிய நகரங்களில் உங்கள் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதற்குப் புள்ளி சேர்க்க வேண்டும். கல்லூரி நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் சொந்த மாகாணத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். சின்ன நகரங்களில் இப்போது தளர்த்தியிருக்கிறார்கள். பெய்ஜிங், ஷாங்காய் மாதிரி இடங்களில் கதவு குறுகல்தான்.

2020ல் சீனர்களில் 64 சதவீதம் பேர் நகரத்தில் இருந்தார்கள். நகரத்து ஹூகோ இருந்தது 45 சதவீதத்துக்கு. நடுவில் நிற்பவர்கள் சுமார் 26 கோடி பேர். 2010 கணக்கெடுப்பை வைத்து, அப்பாவையோ அம்மாவையோ இருவரையுமோ நகரத்துக்கு அனுப்பிவிட்டுக் கிராமத்தில் தங்கிய குழந்தைகள் 6.1 கோடி என்று அனைத்துச் சீன மகளிர் சங்கமே சொன்னது. தமிழ்நாட்டு மொத்த ஜனத்தொகையைவிடக் கொஞ்சம்தான் குறைவு!

ஷாங்காய் மக்கள் பூங்காவில் சனி ஞாயிறு ஒரு கல்யாணச் சந்தை நடக்கும். குடையை விரித்து வைத்து, அதன் மேல் பையன், பெண் விவரத்தை எழுதி ஒட்டிக்கொண்டு பெற்றோர் உட்கார்ந்திருப்பார்கள். வயது, உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு. கூடவே 'ஷாங்காய் ஹூகோ' உண்டா என்றும் எழுதியிருக்கும். நமக்கு ஜாதகக் கட்டம். அவர்களுக்கு ஹூகோ. கட்டத்துக்காவது பரிகாரம் உண்டு.

2003 மார்ச்சில் இதே குவாங்சோவில் சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞரைப் போலீஸ் நிறுத்தியது. ஹுபெய் மாகாணத்துக்காரர், பட்டதாரி, ஒரு கம்பெனியில் டிசைனர். இன்டர்நெட் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவரிடம் தற்காலிகக் குடியிருப்பு அனுமதிச் சீட்டு இல்லை. பிடித்து அடைத்தார்கள். மூன்றே நாளில் அடித்தே கொல்லப்பட்டார். முதலில் சொன்ன காரணம், உடம்பு சரியில்லை. 'சதர்ன் மெட்ரோபோலிஸ் டெய்லி' என்ற உள்ளூர்ப் பத்திரிகை தோண்டி எடுத்துப் போட்டது. நாடே கொந்தளித்தது. அப்படிப் பிடித்து அடைத்து ஊருக்குத் துரத்துகிற முறையையே ஜூன் மாதம் அரசாங்கம் கைவிட்டது.

நல்ல முடிவு என்கிறீர்களா? அடுத்த வருஷமே அந்தப் பத்திரிகையின் பொது மேலாளர் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். ஆசிரியரை மாதக்கணக்கில் காவலில் வைத்து, வழக்கே போடாமல் விட்டார்கள். எழுதிப் பிழைக்கிற எனக்கு, அந்த ஊரில் எத்தனை மேம்பாலம் பார்த்தாலும் இது மறக்க மாட்டேன் என்கிறது.

2017 நவம்பரில் பெய்ஜிங் புறநகர் தாஷிங்கில் தீ விபத்து. வெளியூர்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம். 19 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் அந்த மாதிரிக் குடியிருப்புகளைக் காலி செய்தார்கள். உறைகிற குளிரில், சில இடங்களில் ஒன்றிரண்டு நாள் கெடுவில், பல்லாயிரம் பேர் மூட்டையோடு தெருவுக்கு வந்தார்கள். நண்பர் பார்த்து அசந்த பளபளப்பைத் துடைத்துவைத்த கைகள் அவை.

சாட்டை இன்னொரு காரியமும் செய்யும். வாயை மூடும். 2008ல் சான்லூ என்ற பெரிய பால் பவுடர் கம்பெனி. தண்ணீர் கலந்த பாலைச் சத்துள்ளதாகக் காட்ட, மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது. ஆகஸ்ட் ஆரம்பத்திலேயே கம்பெனிக்குத் தெரியும். ஆனால் ஆகஸ்ட் 8 அன்று ஒலிம்பிக்ஸ். மானப் பிரச்னை. ஜனங்களுக்குத் தெரிந்தது செப்டம்பர் 11 அன்று. அதுவரை அம்மாக்கள் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன. குற்றவாளிகள் இருவருக்கு மரண தண்டனையை நிறைவேற்றியது அரசு. 'பார்த்தீர்களா, அங்கே தண்டனையை!' என்று நண்பர் குதிப்பார். பாக்கியையும் கேளுங்கள். தன் குழந்தையும் பாதிக்கப்பட்டதால் மற்றப் பெற்றோரைத் திரட்டி நியாயம் கேட்ட ஜாவ் லியான்ஹாய் என்ற தகப்பனுக்கு 2010ல் இரண்டரை வருஷம் ஜெயில். குற்றம், பொது ஒழுங்கைக் குலைத்தது.

நான் ஏறிய அந்த ரயிலுக்கே வருகிறேன். 2011 ஜூலை 23, வென்சோ அருகே இரண்டு அதிவேக ரயில்கள் மோதி 40 பேர் இறந்தார்கள். மறுநாளே ஒரு பெட்டியை அங்கேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். வெய்போவில் ஜனங்கள் விட்ட வசவில், புதைத்ததைத் திரும்பத் தோண்ட வேண்டியதாயிற்று. விசாரணை வந்தது. சிக்னலின் வடிவமைப்பே தப்பு என்று வெளியானது. ரயில்களின் வேகத்தைக் குறைத்தார்கள். இன்றைக்கு ஜன்னல் ஓரம் நாணயத்தை நிறுத்தி விளையாட முடிகிறதென்றால், அதற்கு அன்று வாயை மூடாத அந்தச் சாதாரண ஜனங்களும் காரணம்.

நாம் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு நாட்டுக்குச் சொன்னார்கள், பன்னிரண்டு மணிக்குப் பூட்டு என்று. நாலு மணி நேரம். அதுவும் ஒரு சாட்டைதான். அது விழுந்தது யார் முதுகில்? வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் முதுகிலா? தலையில் மூட்டையும் தோளில் பிள்ளையுமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர்கள் முதுகிலா?

2010ல் ஷென்ஜென் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டார்கள். நிர்வாகம் சம்பளத்தைக் கூட்டியது. கட்டடத்தைச் சுற்றி வலையும் கட்டியது. கட்சியின் சங்கத்தைத் தவிர வேறு சங்கம் வைக்க அங்கே அனுமதி இல்லை. 2021 டிசம்பரில் அதே கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டில் பலர் மயங்கி விழுந்ததும், சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கைதும் நடந்தது. ஆனால் ஆலை மூடியது, ஆப்பிள் வரைக்கும் செய்தி போனது, விடுதிகள் தரமாக இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு டிராபிக்கில் மாட்டி, 'இதுக்குத்தான் சார் சீனா மாதிரி வேணும்' என்று யாராவது காருக்குள் அலுத்துக்கொண்டிருப்பார். அலுத்துக்கொள்ளட்டும். மேலே வலை கட்டுவதைவிடக் கீழே ரோட்டில் உட்கார விடுவது மேல்.

சீனாவிடமிருந்து வாங்கிவர நிறைய இருக்கிறது. ஸ்டேஷன்தோறும் வெந்நீர். தெருவுக்குத் தெரு பூங்கா. ராத்திரி பதினோரு மணிக்கு நடக்க முடிகிற ரோடு. அறுபது வயதிலும் ஆடுகிற தைரியம். சொன்ன தேதியில் முடிகிற வேலை. இதில் எதற்கும் யாரையும் அடிக்க வேண்டியதில்லை. முனிசிபாலிட்டி ஒழுங்காக வேலை செய்தால் போதும். அதைக் கேட்கத்தான் நமக்கு வாய் இருக்கிறது. அந்த வாயை அடகு வைத்துவிட்டு எதை வைத்துக் கேட்பது?

சாட்டை கேட்கிற நண்பரிடம் எனக்கு ஒரே கேள்வி. அது வந்தால், பிடி உங்கள் கையில் இருக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?